ஐரோப்பாவில் நடை, சைக்கிள், படகு: போகும் தேதியை வைத்து இடம் தேர்வது எப்படி

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து ஐரோப்பா போக நினைக்கும் பலர் முதலில் ஒரு படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறார்கள். பச்சைப் புல்வெளி, பின்னால் பனிமலை, நடுவே ஒற்றையடிப் பாதை. பிறகு பள்ளி விடுமுறை மே மாதம்தானே என்று டிக்கெட் போடுகிறார்கள். அங்கே போனால் அந்தப் பாதை முழங்கால் ஆழப் பனிக்குள் கிடக்கும், மேலே போகும் ரோப் கார் பராமரிப்புக்காக மூடியிருக்கும். அந்தப் படம் எடுத்தது ஜூலையில்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் உங்களுக்கு எந்தத் தேதியில் லீவு கிடைக்கிறது, அடுத்து உடம்பு எவ்வளவு தாங்கும், பிறகு நடையா சைக்கிளா தண்ணீரா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் இடம் தானாகவே இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும். அந்த இரண்டு மூன்றில் எது அழகு என்று படம் பார்த்து முடிவு செய்யலாம்.

மே மாதம் மட்டும்தான் கிடைக்குமா?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரைதான் நீண்ட விடுமுறை. ஆல்ப்ஸ் மலையில் உயரமான நடைபாதைகளுக்கு இது தோதான காலம் இல்லை. 2,000 மீட்டருக்கு மேலே ஜூன் நடுப்பகுதி வரை பனி நிற்பது சாதாரணம். நடப்பவர்கள் சாப்பிடவும் இரவு தங்கவும் மேலே இருக்கும் மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் 20-ஐ ஒட்டித்தான் திறக்கும்.

‘பாதை முக்கால்வாசி காய்ந்துவிட்டதே, போனால் என்ன’ என்று தோன்றும். ஆபத்து அந்த மிச்சக் கால்வாசியில்தான். வெயில் படாத வடக்குச் சரிவுகளில், ஓடை இறங்கும் மடிப்புகளில் மட்டும் இருபது முப்பது அடி அகலத்துக்குப் பழைய பனி குறுக்கே கிடக்கும். காலை எட்டு மணிக்கு அது இறுகிப்போயிருக்கும், ஷூ விளிம்பு பதியாது. வழுக்கினால் கீழே பாறை வரை நிற்காது. மதியத்துக்கு மேல் அதே பனி இளகி, கால் தொடை வரை உள்ளே இறங்கும். அடியில் ஓடும் தண்ணீர் பனியைக் குடைந்து பொந்தாக்கியிருப்பது மேலிருந்து தெரியாது. இதைக் கடக்கப் பனிக்கோடாலியும் ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளும், அவற்றைப் பயன்படுத்திய பழக்கமும் வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த இடத்தில் திரும்பிவிட வேண்டியதுதான்.

மே மாதத்துக்கென்றே நல்ல இடங்கள் இருக்கின்றன. போர்ச்சுகலின் மதீரா தீவு முதல் தேர்வு. மலைச்சரிவில் பாசனத்துக்காக வெட்டிய லெவாடா என்ற வாய்க்கால்களின் கரையோரம் நடக்கலாம். வாய்க்கால் என்பதால் ஏற்றம் மிகக் குறைவு. கால்தெய்ரோ வெர்தே பாதை போகவர சுமார் 13 கிலோமீட்டர், வழியில் குகைப்பாதைகள் வரும், ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். சில இடங்களில் பாதை அகலம் ஒரு ஆளுக்குத்தான், பக்கத்தில் பள்ளம், கம்பி வேலி உண்டு. உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. மண்சரிவால் பாதைகள் மூடப்படுவது அங்கே வழக்கம், முந்தைய நாள் இரவே நிலவரம் பார்த்துவிட வேண்டும்.

கிரீஸின் கிரீட் தீவில் சமாரியா பள்ளத்தாக்கு பொதுவாக மே தொடக்கத்தில் திறக்கும். 16 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், சுமார் 1,200 மீட்டர் கீழே இறங்கிக் கடற்கரையில் ஆகியா ரூமெலி ஊரில் முடியும். அந்த ஊருக்கு ரோடு கிடையாது, படகில்தான் வெளியே வர வேண்டும். கடைசிப் படகு நேரத்தைத் தெரிந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காலையில் இறங்குங்கள். இறக்கம்தானே, சுலபம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் பத்தாவது கிலோமீட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

மலையே வேண்டாம், குடும்பத்தோடு நிதானமாகப் போக வேண்டும் என்றால் டானூப் நதிக்கரை சைக்கிள் பாதை. ஜெர்மனியின் பாசாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம், ஏழு நாளில் முடிக்கலாம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

ஆல்ப்ஸ்தான் வேண்டும், அதுவும் மே மாதம்தான் என்று பிடிவாதமாக இருந்தால் பள்ளத்தாக்கின் அடியில் தங்குங்கள். சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் அருவிகள் வேகமெடுத்து விழுவது பனி உருகும் இந்த மாதங்களில்தான். 297 மீட்டர் உயர ஸ்டவ்பாக் அருவியும், மலைக்குள்ளேயே விழும் ட்ரும்மெல்பாக் அருவிகளும் சமதள நடையிலேயே எட்டும். ஸ்லோவீனியாவின் போஹின் ஏரியைச் சுற்றிய பாதையும், பிளெட் அருகே 1.6 கிலோமீட்டர் நீள வின்ட்கார் பள்ளத்தாக்கும் அதே ரகம்.

மற்ற மாதங்கள்

மாங்காய் வியாபாரம், மாங்கூழ் ஆலை, தோட்டம் என்று இருக்கிறவர்களுக்கு மே, ஜூனில் ஊரை விட்டு நகர முடியாது. அது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். வரத்து ஓய்ந்து ஆடி பிறக்கும்போது ஐரோப்பாவில் எல்லா உயரப் பாதைகளும் திறந்திருக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபம், பந்தல், சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது ஓய்வு நேரம். ஜூலை, ஆகஸ்டில் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகள், சுவிஸ் ஆல்ப்ஸ், ஆஸ்திரியாவின் டிரோல், நார்வே எல்லாமே சாத்தியம். இரண்டு தொல்லைகள் மட்டும் உண்டு. ஒன்று கூட்டம்: ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அறை கிடைப்பதே பாடு. இன்னொன்று மதிய இடிமழை. காலை வானம் துடைத்த மாதிரி இருக்கும், பகல் ஒரு மணிக்கு மேகம் திரண்டு இரண்டு மூன்று மணிக்கு இடி இறங்கும். ஏழு மணிக்கே கிளம்பி இரண்டு மணிக்குள் உச்சி, முகடு, பாறையில் இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏறும் பாதைகளை விட்டு இறங்கிவிட வேண்டும்.

செப்டம்பர் முதல் மூன்று வாரம்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் காலம். கூட்டம் இல்லை, இடிமழை குறைவு, குடில்கள் இன்னும் திறந்திருக்கும். பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்ட பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்வு செய்யலாம்.

காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜையைச் சேர்த்து செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் பத்து நாள் கிடைத்தால் வடக்கு இத்தாலியின் தென் டிரோல் பகுதி சரியாக வரும். உயரக் குடில்கள் மூடத் தொடங்கியிருக்கும். ஆனால் வால் கார்டேனா, ஆல்பே டி சியூசி பக்கம் பல ரோப் கார்கள் அக்டோபரிலும் ஓடும். பகலில் மேலே போய் நடந்துவிட்டு இரவு கீழே ஊரில் தங்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த நேரத்தில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா நடக்கும், அறை வாடகை பல மடங்கு ஏறும். விமானம் அங்கே இறங்கினாலும் இரவு தங்காமல் அன்றே ரயில் ஏறிவிடுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் போனால் அது பனி விளையாட்டுப் பயணம். 1,500 மீட்டருக்கு மேலுள்ள ஊராகப் பாருங்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்குக் கீழே பனி இல்லாமல் வெறும் சேறாக இருக்க வாய்ப்புண்டு. வருடத்திலேயே விலை உச்சத்தில் இருக்கும் வாரம் அதுதான், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனிச்சறுக்கு தெரியாதவர்கள் மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தால்தான் பணத்துக்குப் பலன். ஒரு நாள் வகுப்பு விழுந்து எழுவதிலேயே போய்விடும்.

எந்த மாதமானாலும் பணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள். அந்த ஊர் ரோப் கார் நிறுவனத்தின் தளத்தில் இந்த வருடம் திறக்கும், மூடும் தேதி. பிறகு அந்த மலையின் வெப்கேம். பல வெப்கேம்களில் பழைய படங்களையும் பார்க்கலாம். போன வருடம் நீங்கள் போகும் அதே தேதியில் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உடம்பைக் கணக்கில் எடுப்பது

தூரத்தை மட்டும் பார்த்து நடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆல்ப்ஸ் நாடுகளில் புழங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது: சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும், ஏறி இறங்கும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். எது பெரியதோ அதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைச் சேருங்கள்.

டோலமைட்ஸில் ட்ரே சீமே என்ற மூன்று கற்கோபுரங்களைச் சுற்றிய பாதையை எடுத்துக்கொள்வோம். சுமார் 10 கிலோமீட்டர், ஏறி இறங்குவது ஏறக்குறைய 400 மீட்டர். தூரத்துக்கு 10-ஐ 4-ஆல் வகுத்தால் இரண்டரை மணி. ஏற 1 மணி 20 நிமிடம், இறங்க 48 நிமிடம், ஆக 2 மணி 8 நிமிடம். பெரியது இரண்டரை, அதோடு சிறியதில் பாதி 1 மணி 4 நிமிடம். மொத்தம் சுமார் மூன்றரை மணி. இது நிற்காமல் நடக்கும் நேரம். சாப்பாடு, படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் தனி. மலை நடைக்குப் புதியவர்கள் இதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் பாதைகளில் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது.

பாதையின் தரத்துக்கு சுவிட்சர்லாந்தில் நிறம் வைத்திருக்கிறார்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, செங்குத்தும் குறுகலும் உண்டு, நல்ல ஷூவும் நிதானமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறை ஏற்றம், பனிப்பாறை எல்லாம் வரும், பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. இத்தாலியில் எழுத்து: டி என்றால் சுலபம், ஈ என்றால் சாதாரண மலை நடை, ஈஈ என்றால் தேர்ந்தவர்களுக்கு, ஈஈஏ என்றால் ஹெல்மெட், இடுப்புக் கச்சை, அதிர்ச்சி தாங்கும் கொக்கிக் கயிறு இல்லாமல் ஏறக்கூடாத இரும்புக் கயிற்றுப் பாதை.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் மேன்லிக்கனிலிருந்து கிளைனே ஷைடெக் வரையிலான பாதையைச் சொல்வோம். ரோப் காரில் மேலே போய்ச் சுமார் நாலரை கிலோமீட்டர் மெல்லிய இறக்கத்தில் நடந்து ரயில் நிலையத்தில் முடியும். ஐகர் மலை நேர் எதிரே நிற்கும். இதற்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை சரியான காலம். ஒரே மூச்சில் 3,842 மீட்டருக்குத் தூக்கிச் செல்லும் பிரான்சின் ஷமோனி ஊர் எகியூய் டு மிடி ரோப் கார், சுவிட்சர்லாந்தின் 3,454 மீட்டர் யுங்ஃப்ராவ்யோக் போன்றவற்றில் இதய நோய், மூச்சுக்கோளாறு உள்ளவர்களை ஏற்றும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் போனால் தலைவலி, மயக்கம் வருவது நல்ல உடம்புக்காரர்களுக்கும் நடக்கும்.

பயிற்சிக்கு நம் மாவட்டங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அரூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தீர்த்தமலை, கிருஷ்ணகிரியில் கோட்டை மலை, ராயக்கோட்டையில் கோட்டைக் குன்று, தருமபுரியில் வத்தல்மலை ரோடு. பத்து வாரம் இருக்கும்போதே தொடங்கி வாரம் மூன்று நாள் போங்கள். முதல் மூன்று வாரம் சும்மா, பிறகு முதுகுப் பையில் 5 கிலோ. போன் ஆப்பில் ஏற்றத்தை அளந்து, ஒரே காலையில் மொத்தம் 600 மீட்டர் வரும்வரை அதே குன்றைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள். மறுநாள் காலை படியில் முழங்கால் வலிக்காமல் இறங்க முடிந்தால் ஐரோப்பாவின் சிவப்புக்கோட்டுப் பாதைகளுக்குத் தயார். முடியவில்லை என்றால் மஞ்சள் பாதைகளும் ரோப் காரும் உள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நம்மூர் வெயிலுக்குக் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். அஞ்செட்டி, மேலகிரிக் காடுகளுக்குள் பயிற்சி என்று நுழைய வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள இடம், வனத்துறை அனுமதியும் வேண்டும்.

நார்வேயைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கடல்நீர்ப் பள்ளத்தாக்குக்கு மேலே 604 மீட்டரில் நிற்கும் பிரெய்க்கெஸ்டோலன் என்ற தட்டைப் பாறைக்குப் போகவர 8 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், ஓரளவு நடப்பவர்களுக்குப் போதும். நாக்கு மாதிரி நீட்டி நிற்கும் ட்ரோல்டுங்கா அப்படியல்ல. மேல் வாகன நிறுத்தத்திலிருந்தே போகவர 20 கிலோமீட்டர், கீழிருந்து 27. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி பாறை நுனிதான், காலுக்கு வித்தியாசம் தெரியும்.

சைக்கிளும் தண்ணீரும்

டானூப் பாதையில் மேற்கிலிருந்து கிழக்கே, பாசாவிலிருந்து வியன்னா நோக்கிப் போங்கள். நதி ஓடும் திசை அது, காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான். நாளுக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் போதும். பெட்டியை விடுதிக்கு விடுதி வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை உண்டு, அதை எடுத்துவிடுங்கள். இருபது கிலோ கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதிப்பது பயணத்தையே கெடுக்கும். சைக்கிள் பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். பொருந்தாத சைக்கிளில் இரண்டாவது நாளே முழங்காலும் இடுப்பும் போய்விடும். மின்சார சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் மோட்டார் கைகொடுக்கும், அதுவும் மிதித்தால்தான். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு மிகப் பெரிய ஆபத்து முதல் நாள் முதல் திருப்பம். அங்கே வலது பக்கம். நேர்ரோட்டில் எல்லாரும் சரியாகப் போவார்கள், இடப்பக்கம் திரும்பியதும் பழக்கத்தில் எதிர் வரிசைக்குள் நுழைந்துவிடுவார்கள். குழுவில் ஒருவர் ஒவ்வொரு சந்திப்பிலும் ‘வலது’ என்று குரல் கொடுக்கட்டும்.

ஏரியைச் சுற்றி ஒரே நாளில் முடிக்க விரும்பினால் பிரான்சின் அனெசி ஏரி. சுற்று சுமார் 40 கிலோமீட்டர், பெரும்பகுதி வாகனம் வராத தனிப்பாதை.

தண்ணீருக்கு ஸ்லோவீனியாவின் சோச்சா நதி. பச்சை கலந்த நீலத்தில் தண்ணீர் அடி தெரிய ஓடும், போவெட்ஸ் ஊரில் ராஃப்டிங், கயாக் நடத்துபவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசலில் போன தைரியத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம். பரிசலில் ஓட்டுபவர் வேலை செய்கிறார், நாம் உட்கார்ந்திருக்கிறோம். ராஃப்டில் நாமும் துடுப்புப் போட வேண்டும், கவிழ்ந்தால் பனி உருகிய தண்ணீரில் விழுவோம். தண்ணீர் தொட்ட கணத்தில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த முதல் ஒரு நிமிடம்தான் ஆபத்து. நீச்சல் தெரியாததை மறைக்காமல் சொல்லுங்கள், எளிதான பகுதிக்கு அழைத்துப் போவார்கள். மே மாதம் உருகு நீரால் வேகம் அதிகம், புதியவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் நல்லது.

ஒரு பள்ளத்தாக்கு, ஒரு வாரம்

எட்டு நாளில் ஐந்து நாடு என்ற திட்டத்தில் நடைக்கு இடமே கிடையாது. பெட்டி கட்டுவதும் ரயில் பிடிப்பதுமாக ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்னும். மலையில் ஏழு நாளில் இரண்டு நாள் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஏழு இரவு இருந்தால் மழை நாளில் பள்ளத்தாக்கு நடை, தெளிந்த நாளில் உயரம் என்று மாற்றிப் போடலாம். ஊருக்கு ஒரு இரவு என்று போனால் எந்த ஊரில் மழையோ அந்த ஊர் போச்சு. பத்து நாள் பயணத்துக்கு இரண்டு தங்குமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

தங்கும் ஊரில் பார்க்க வேண்டியது: கார் இல்லாமல் நடை தொடங்கும் இடத்துக்குப் பஸ்ஸோ ரோப் காரோ உண்டா, சமையலறை உள்ள வீடு கிடைக்குமா, நடக்கிற தூரத்தில் மளிகைக் கடை உண்டா. தென் டிரோலிலும், சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியிலும் தங்குகிறவர்களுக்கு அந்த வட்டாரத்துப் பஸ், ரயிலை இலவசமாக்கும் விருந்தினர் அட்டையைத் தங்குமிடமே தருகிறது. செலவில் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் மேல்தட்டு. அதே ஆல்ப்ஸ் காட்சியை ஆஸ்திரியாவிலும் ஸ்லோவீனியாவிலும் கணிசமாகக் குறைந்த செலவில் பார்க்கலாம். கார் எடுப்பதானால் ஆர்டிஓ அலுவலகம் வழியாகச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஒரு வருடம் செல்லும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்லோவீனியா நெடுஞ்சாலைகளுக்கு வின்யெட் என்ற கட்டண வில்லை வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் பெரிது. ட்ரே சீமே, பிரேயிஸ் ஏரி போன்ற இடங்களுக்குக் கோடையில் காருக்கு முன்பதிவு இல்லாமல் மேலே விடமாட்டார்கள்.

விசாவும் விமானமும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றுக்கும் பெங்களூரு விமான நிலையம்தான் வசதி. ஆனால் அது நகரத்துக்கு வடகோடியில் தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் போகும்போது எலக்ட்ரானிக் சிட்டியிலும் சில்க் போர்டிலும் நேரம் கரையும். பகல் விமானம் என்றால் விமான நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினால் பதற்றம் இருக்காது. மியூனிக்கில் இறங்கினால், நகரின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து இன்ஸ்ப்ரூக் இரண்டு மணி நேரத்துக்குள், டோலமைட்ஸ் வாசலான போல்சானோ நான்கு மணி நேரத்தில். மலைக்குப் போகிறவர்களுக்கு ரோம், பாரிஸை விட இதுவே கிட்டம்.

இங்கே சொன்ன நாடுகள் எல்லாம் ஷெங்கன் விசாவில் அடங்கும், மொத்தம் 29 நாடுகள். குரோஷியா 2023 முதல், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 முதல் முழுமையாக உள்ளே. ஸ்காட்லாந்து மலைகளுக்குப் பிரிட்டன் விசா தனி, அயர்லாந்தும் தனி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இல்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம் என்பதால் நான்கு மாதம் இருக்கும்போதே போடுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான். மியூனிக்கில் இறங்கி ஒரு இரவு, டோலமைட்ஸில் ஏழு இரவு என்றால் இத்தாலி. பாசாவில் ஒரு இரவு, பிறகு வியன்னா வரை ஆறு இரவு என்றால் ஆஸ்திரியா. இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டால் நிராகரிக்கக் காரணம் நீங்களே கொடுத்ததாகும், கட்டணமும் திரும்பாது. பெங்களூரு மையமா சென்னை மையமா என்பதையும் முன்பே பாருங்கள். சில நாடுகள் உங்கள் முகவரி எந்த மாநிலம் என்று பார்க்கும்.

விவசாய வருமானம் உள்ளவர்கள் பட்டா, சிட்டா, மண்டி விற்பனைச் சீட்டு, வருமான வரிக் கணக்கு இருந்தால் அது, ஆறு மாத வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஆங்கில விளக்கத்தோடு கொடுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று லட்சக்கணக்கில் பணம் வரவு வைப்பது சந்தேகத்தைத்தான் கிளப்பும். மா விற்ற பணம் என்றால் அந்தச் சீட்டையே இணைத்துவிடுங்கள். விசா வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

பையில் என்ன, வயிற்றுக்கு என்ன

ஷூவை மாலையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னே முட்டினால் நகம் கறுத்துவிடும். குறைந்தது 50 கிலோமீட்டராவது ஊரிலேயே போட்டு நடந்திருக்க வேண்டும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் மலைக்கு ஆகாது, நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். கீழே 600 மீட்டரில் 25 டிகிரி என்றால் 2,300 மீட்டரில் 14, காற்றடித்தால் அதற்கும் கீழே. உள்ளே வியர்வை உலரும் துணி, நடுவில் கதகதப்பான ஃப்ளீஸ் சட்டை, வெளியே நிஜமான மழைக்கோட்டு. ஊன்றுகோலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், பவர் பேங்கைக் கைப்பையில்.

மலைக்குடிலில் இரவு தங்கினால் உள்ளே நுழைந்து படுக்கும்படி பட்டு அல்லது பருத்தியில் தைத்த மெல்லிய உறைப்பை கொண்டுபோவது கட்டாயம். கார்டு எடுக்காத குடில்கள் உண்டு, ரொக்க யூரோ வைத்திருங்கள். சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஆஸ்திரியாவில் உருண்டை போட்ட க்னோடல் சூப் பார்க்கச் சைவம் போலிருக்கும், சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. கைசர்ஷ்மார்ன் இனிப்பில் முட்டை உண்டு. இத்தாலிக் குடில்களில் தக்காளிச் சாஸ் பாஸ்தாவும் பொலெண்டாவும் நம்பிக்கையானவை. சோளமாவுக் களிதான் பொலெண்டா, கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கடலை மிட்டாய் கொண்டுபோகலாம். பால், தயிர், நெய், பன்னீர், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போகக்கூடாது. மாம்பழமும் கூடாது: தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் தவிர வேறு பழங்களை அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலைக்கும் அதே கதி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே மளிகை வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஊர்க் குழாயடியில் ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று ஜெர்மனில் எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

காப்பீடும் ஆபத்து உதவியும்

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பலர் மலிவானதை வாங்கி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் திட்டங்களில் பலவற்றில் சாகச விளையாட்டு சேராது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடையும் சேராது. மலை மீட்பு, ஹெலிகாப்டர், ராஃப்டிங், பனிச்சறுக்கு என்ற சொற்கள் பாலிசிப் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் சில நிமிடத்துக்கே ஆயிரக்கணக்கான யூரோ பில் வரக்கூடும்.

அவசர எண் ஐரோப்பா முழுக்க 112. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, சுவிட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டருக்கு 1414. போன் எடுக்காத இடத்தில் விசிலோ டார்ச்சோ போதும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பத்து விநாடிக்கு ஒன்று, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். பார்த்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்ததும் இரண்டு கைகளையும் அகலத் தூக்கினால் ‘ஆம், உதவி வேண்டும்’ என்று பொருள். ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் சாய்த்து நீட்டினால் ‘வேண்டாம்’. வெறுமனே கையசைத்து வாழ்த்துச் சொல்லாதீர்கள், விமானி குழம்பிப்போவார். குழுவில் உள்ள எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும், இந்தச் சைகைகளை ஊரிலேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.